கால் ஏன் பெட்டியைத் தாண்ட வேண்டும்?

கேள்வி: எனக்கு 57 வயது. ஊர் அருமனைப் பக்கம். தேனீ வளர்ப்புத் தொழில். ரப்பர் தோட்டங்களில் கூடு வைத்துத் தேன் எடுத்து, பாட்டிலில் அடைத்து, குலசேகரம், திருவட்டாறு, மார்த்தாண்டம் என்று கடைகளுக்கும் வீடுகளுக்கும் ஸ்ப்ளெண்டர் பைக்கில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். சில நாள் ஆரல்வாய்மொழி வரைக்கும் போவேன். பின் சீட்டில் தகரப் பெட்டி கட்டியிருக்கிறேன். இரண்டடி நீளம், இரண்டடி அகலம், ஒன்றரை அடி உயரம். நிறைத்தால் 30 கிலோ இருக்கும். ஏறும்போதும் இறங்கும்போதும் வலது கால் பெட்டியில் தட்டுகிறது. இரண்டு மாதத்துக்கு முன்பு ஒரு வீட்டு முற்றத்தில், இறக்கத்தில் நின்று இறங்கும்போது கால் மாட்டி வண்டியோடு இடது பக்கம் விழுந்தேன். பிடித்து நிறுத்தப் பார்த்தேன், முடியவில்லை. இடது கணுக்கால் வண்டிக்கு அடியில் சிக்கியது. வீக்கம் வற்றிவிட்டது, சாயங்காலம் மட்டும் வலிக்கும். அதற்குப் பிறகு வண்டியில் ஏறவே பயமாக இருக்கிறது. காலையில் வீட்டுக்காரி பின்னால் பெட்டியைப் பிடித்துக்கொள்கிறாள், கடைகளில் யார் பிடிப்பார்? மகன் ஸ்கூட்டர் வாங்கச் சொல்கிறான். என் உயரம் ஐந்தடி ஐந்து அங்குலம். காலை உயரமாகத் தூக்க ஏதாவது உடற்பயிற்சி உண்டா?

பதில்: அண்ணாச்சி, நீங்கள் அளவுகளோடு எழுதியது நல்லதாகப் போயிற்று. அதை வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். உங்கள் வண்டியின் சீட் தரையிலிருந்து 785 மில்லிமீட்டர் உயரம். அதற்கு மேல் ஒன்றரை அடிப் பெட்டி. ஆக, பெட்டியின் மேல் விளிம்பு தரையிலிருந்து நாலடி உயரத்தில் இருக்கிறது. ஐந்தடி ஐந்து அங்குல ஆளுக்கு அது நெஞ்சு உயரம். அந்த உயரத்துக்குக் காலை வீசித் தாண்டுவது களரி படிக்கிற இருபது வயதுப் பையன்கள் செய்கிற காரியம். உங்கள் காலில் பெரிய குறை ஒன்றும் இல்லை, இதுவரை தாண்டியதுதான் ஆச்சரியம்.

எப்படித் தாண்டினீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். நானும் பதினைந்து வருடமாக நாகர்கோவிலைச் சுற்றி வீடு வீடாகப் போய் இயன்முறைச் சிகிச்சை செய்கிறவன். கருவிப் பெட்டி என் வண்டியின் பின்னாலும் இருக்கிறது. பெட்டி உயரமாக இருந்தால் நாம் என்ன செய்வோம்? நம்மை அறியாமலே வண்டியை நம் பக்கம் சாய்ப்போம். சாய்த்தால் பெட்டி தாழும், கால் தாண்டிவிடும். ஆனால் அந்த ஒரு நொடியில் நீங்கள் நிற்பது இடது காலில் மட்டும். வலது கால் அந்தரத்தில் இருக்கிறது. சாய்ந்த வண்டியின் பாரம் முழுவதும் உங்கள் இரண்டு கைகளிலும் அந்த ஒற்றைக் காலிலும் இறங்குகிறது. நீங்கள் விழுந்தது அந்த நொடியில்தான். ஆகவே காலை இன்னும் உயரமாகத் தூக்க நான் பயிற்சி சொல்லித் தரப் போவதில்லை. அந்த நொடியே வராதபடி ஏறுவதும் இறங்குவதும் எப்படி என்று சொல்லித் தருகிறேன். கால் பெட்டியைத் தாண்டவே வேண்டாம். டாங்க்குக்கும் பெட்டிக்கும் நடுவில், சீட்டின் மேலாக, முழங்கால் மடங்கியபடி அது போகட்டும்.

அதற்கு முதலில் அங்கே இடம் வேண்டும். இரண்டடிப் பெட்டி சீட்டை அடைத்துக்கொண்டு நிற்கிறது. டாங்க் முடிகிற இடத்திலிருந்து பெட்டியின் முன்பக்கம் வரை ஒரு முழம், அதாவது ஒன்றரை அடி, காலியாக இருக்க வேண்டும். உங்கள் பாதம் செருப்போடு ஓரடிக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். ஒரு முழம் இருந்தால் அது எதிலும் உரசாமல் போகும். பெட்டியை அப்படியே பின்னுக்குத் தள்ளிக் கட்டிவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். பாரம் பின் சக்கரத்தின் அச்சைத் தாண்டிப் பின்னால் போகப் போக முன் சக்கரம் லேசாகும். பேச்சிப்பாறைப் பக்கத்து ஏற்றங்களில் ஹேண்டில் கையில் நிற்காது. பெட்டியைத்தான் சிறிதாக்க வேண்டும். ஒன்றரை அடி நீளத்துக்கு மேல் வேண்டாம். அதன் நடுப்பகுதி பின் அச்சுக்கு நேர் மேலே வரட்டும்.

இதில் சட்டமும் இருக்கிறது. இருசக்கர வண்டியில் வைக்கும் பெட்டிக்கு 2020-இல் மத்திய அரசு அளவு வைத்தது. நீளம் 550, அகலம் 510, உயரம் 500 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. இன்னொருவர் உட்காரும் இடத்தில் பெட்டி இருந்தால் ஓட்டுகிறவர் மட்டும்தான் போகலாம். உங்கள் இரண்டடி என்பது 610 மில்லிமீட்டர். நீளத்திலும் அகலத்திலும் கூடுதல். எப்படியும் மாற்ற வேண்டிய பெட்டிதான், காலுக்கு வசதியாக மாற்றிவிடுங்கள்.

மிச்சத் தேனை எங்கே வைப்பது? கீழே. பால்காரர்கள் கேன் தொங்கவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு பக்கமும் கம்பிக் கொக்கி, தாழ்வாகக் கேன். அவர்கள் தினமும் எத்தனை வாசலில் ஏறி இறங்குகிறார்கள்! அவர்களின் கால் பிழைத்திருப்பதற்குப் பாரம் தாழ்வாக இருப்பதும் ஒரு காரணம். உங்கள் பட்டறைக்காரரிடம் சொல்லி, பின் சக்கரத்தின் இரண்டு பக்கமும் பைகள் தொங்க ஒரு கம்பிச் சட்டம் அடித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கப் பை ஃபுட்ரெஸ்ட்டுக்குப் பின்னால் முடிய வேண்டும், குதிகால் படக் கூடாது. வலப்பக்கம் சைலன்ஸர் இருப்பதால் நடுவில் ஒரு தகடு வேண்டும். தேனுக்குச் சூடு ஆகாது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பாரம் உயரத்தில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். உங்கள் வண்டி சுமார் 112 கிலோ. இஞ்சின் கீழே இருப்பதால் அதன் எடையின் மையம் ஏறக்குறைய அரை மீட்டர் உயரத்தில்தான் இருக்கும். பெட்டி 30 கிலோ, ஆனால் அதன் மையம் ஒரு மீட்டர் உயரத்தில். சாயும் வண்டி கையை இழுக்கிற இழுப்பு எடையை மட்டும் வைத்து வருவதில்லை, எடையை உயரத்தால் பெருக்கியது அது. வண்டிக்கு 112-இல் பாதி, 56. பெட்டிக்கு முழு 30. அதாவது வண்டியின் எடையில் கால் பங்குள்ள பெட்டி, வண்டி இழுப்பதில் பாதிக்கு மேல் தானாகக் கூட்டிவிடுகிறது. அதே 30 கிலோவில் 20 கிலோவை அரை மீட்டர் உயரத்தில் பக்கப் பைகளில் வைத்து, 10 கிலோவை மட்டும் மேல் பெட்டியில் வையுங்கள். 30 என்பது 20 ஆகிவிடும். ஒரு பாட்டிலைக்கூடக் குறைக்காமல் பாரத்தின் இழுப்பில் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது.

தேன் வேறு, பார்வைக்குச் சிறியது, எடைக்குப் பெரியது. ஒரு லிட்டர் தேன் சுமார் 1.4 கிலோ. 20 லிட்டர் கேன் நிறைந்தால் 28 கிலோ. தண்ணீர்க் கேன் தூக்கிப் பழகிய கை இதில் ஏமாந்துபோகும். விற்கும்போது ஒரே பக்கப் பையைக் காலி செய்துகொண்டே போகாதீர்கள், இரண்டு பக்கத்திலிருந்தும் மாறி மாறி எடுங்கள்.

இனி ஏறுவதற்கு வருவோம்.

சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திப் பாரம் ஏற்றுங்கள். ஏற்றி முடித்ததும், சென்டர் ஸ்டாண்டிலிருந்து இறக்குவதற்கு முன்பே சைடு ஸ்டாண்டைக் கீழே விட்டுவிடுங்கள். இந்தப் பழக்கம் முக்கியமானது. வண்டி முன்னால் உருண்டு இறங்கும்போது கை நழுவினாலும் சைடு ஸ்டாண்ட் தாங்கிக்கொள்ளும். அப்புறம் இஞ்சின் ஓடாமல், முதல் கியரில் விட்டு, சைடு ஸ்டாண்டில் சாய்த்து நிறுத்துங்கள். கியரில் இருந்தால் வண்டி உருளாது. உருண்டால்தான் ஸ்டாண்ட் மடங்கும்.

பாரம் ஏற்றிய வண்டி சைடு ஸ்டாண்டில் எப்படி நிற்கிறது என்று ஒருமுறை தள்ளி நின்று பாருங்கள். பாரத்தால் பின் ஷாக் அமுங்கி வண்டி தாழ்ந்திருக்கும், ஆனால் ஸ்டாண்டின் நீளம் அதேதான். அதனால் வண்டி வழக்கமான சாய்வில் நிற்காது, நிமிர்ந்து நிற்கும். லேசாகத் தட்டினால் வலப்பக்கம் போய்விடும். உங்கள் வண்டியில் அப்படி இருந்தால் ஷாக்கின் ஸ்பிரிங்கை ஒன்றிரண்டு படி இறுக்கிவிடச் சொல்லுங்கள். சில நிமிட வேலைதான்.

ஏறும்போது நிற்கும் இடம் பெட்டிப் பக்கமல்ல, டாங்க் பக்கம். இதை மட்டும் மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும். பெரும்பாலான ஆண்கள் பின் சீட்டுக்கு நேராக நின்றுகொண்டு காலைப் பின்னால் வீசுகிறார்கள். சைக்கிள் பழகிய காலத்திலிருந்தே அது நம் உடம்பில் ஊறிய பழக்கம். நீங்கள் முன்னால் வாருங்கள். இடது பாதம் சைடு ஸ்டாண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, முழுப் பாதமும் தரையில் பதிந்திருக்கட்டும். விரல்கள் முன்னோக்கியும் சற்று வண்டியின் பக்கமாகவும் இருக்கட்டும். இடது கை இடது பிடியில், வலது கை வலது பிடியில், முன் பிரேக்கை அழுத்தியபடி. இப்போது நெஞ்சை டாங்க்கின் மேல் குனியுங்கள். நன்றாகக் குனிய வேண்டும். உடம்பு குனியும்போது இடுப்பு மேலே வருகிறது, முழங்காலைத் தூக்குவது எளிதாகிறது. வலது முழங்காலை மடக்கி நெஞ்சுப் பக்கம் இழுத்து, முழங்காலைச் சீட்டின் மேல் வையுங்கள். சீட்டில் ஒற்றைக்கால் மண்டியிட்ட மாதிரி இருக்கும்.

அங்கே நில்லுங்கள். ஒரு மூச்சு விடுங்கள். நீங்கள் எழுதியதில் பயம் என்ற சொல் இருக்கிறது. பயந்தவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு சட்டென்று காலை வீசுவார்கள். இந்த முறையில் அந்த அவசரம் தேவையில்லை. பாதி வழியில் நிற்கலாம். ஒரு கால் தரையில், ஒரு முழங்கால் சீட்டில், வண்டி ஸ்டாண்டில், கியரில். எங்கும் ஒன்றும் போய்விடாது. அப்புறம் முழங்காலையும் பாதத்தையும் சீட்டின் மேலேயே வழுக்கி அந்தப் பக்கம் தள்ளுங்கள். கால் தானாக இறங்கும். உட்காருங்கள். இரண்டு பாதமும் தரையில் பட்டதும் வண்டியை நிமிர்த்தி, ஸ்டாண்டை மடக்குங்கள். மடக்கியதைக் கண்ணால் பாருங்கள். புதிய வண்டிகள் பலவற்றில் ஸ்டாண்ட் மடங்காவிட்டால் இஞ்சின் ஓடாது. பழைய வண்டி என்றால் அந்தக் காவல் கிடையாது. ஸ்டாண்ட் கீழே நீட்டிக்கொண்டிருக்க இடது பக்கம் திரும்பி விழுந்தவர்களுக்கு நான் சிகிச்சை செய்திருக்கிறேன்.

இடது ஃபுட்ரெஸ்ட்டில் மிதித்து, குதிரை ஏறுவது மாதிரி எழும்பி ஏறுகிறவர்களும் உண்டு. பெரிய பயண வண்டிகளில் அது நடக்கும். பாரம் ஏற்றிய சிறிய வண்டியில் உங்கள் எடையும் சேர்ந்து அந்த ஒல்லியான ஸ்டாண்டில் விழும். நான் அதைச் சொல்ல மாட்டேன். அதற்குப் பதில் வீட்டு முற்றத்தில் ஒரு வெட்டுக்கல்லைப் பதித்து, அதன்மேல் நின்று ஏறுங்கள். தரை அரையடி உயர்ந்தால் கால் தூக்க வேண்டிய உயரம் அரையடி குறைகிறது. கடைகளில் நடைபாதை விளிம்பை ஒட்டி நிறுத்தினால் அதே வசதி கிடைக்கும். நம் ஊரில் இடப்பக்கமாக ஓட்டுவதால், இடப்பக்கம் ஏறி இறங்குவதுதான் பாதுகாப்பும்கூட. மார்த்தாண்டம் சந்தை நேரத்தில் வலப்பக்கம் இறங்கினால் பஸ்ஸின் மேல்தான் இறங்க வேண்டும்.

இறங்குவதுதான் இன்னும் கவனமானது. ஏறும்போது நாம் ஓய்வாக இருக்கிறோம். இறங்கும்போது இடுப்பு ஒரு மணி நேரம் ஒரே நிலையில் இருந்து இறுகியிருக்கும். மனசு ஏற்கனவே கடைக்காரரோடு பேசத் தொடங்கியிருக்கும். ஆகவே எங்கே இறங்கப் போகிறீர்கள் என்பதை நிற்பதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். நிறுத்தி, முதல் கியரில் இஞ்சினை அணைத்து, ஸ்டாண்டைக் காலால் முழுவதும் முன்னால் தள்ளி, இன்னொருமுறை அழுத்திப் பாருங்கள். வண்டியை மெதுவாகச் சாய்த்து ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். நீங்களும் உட்கார்ந்தே இருங்கள். இரண்டு மூன்று முறை இடுப்பை முன்னும் பின்னும் அசைத்து, உடம்பை டாங்க்கை ஒட்டி முன்னே நகர்த்துங்கள். பின்னால் கால் வர இடம் கிடைத்துவிட்டது. இனி இடது காலை ஊன்றி, நெஞ்சைக் குனிந்து, வலது முழங்காலை மடக்கிச் சீட்டின் மேல் கொண்டுவந்து, ஏறியதைப் போலவே திரும்ப இறங்குங்கள்.

இங்கே ஒரு தவறு எல்லோரும் செய்வது. கால் வருவதற்கு முன்பே உடம்பு இடப்பக்கம், கடை வாசல் பக்கம், திரும்பிவிடும். உடம்பு திரும்பினால் கால் பின்னால்தான் வரும். பின்னால் பெட்டி. நீங்கள் விழுந்த அன்று நடந்ததும் பெரும்பாலும் அதுதான். வலது பாதம் தரையில் இறங்கும் வரை உங்கள் முகம் ஹேண்டிலைப் பார்த்தபடியே இருக்கட்டும்.

அடுத்தது இறக்கம். நம் மேற்குப் பகுதி வீடுகள் முக்கால்வாசியும் மேட்டிலோ பள்ளத்திலோதான் இருக்கின்றன. ரோட்டிலிருந்து முற்றம் கீழே இருக்கும், வண்டியின் மூக்கு கீழ்நோக்கி நிற்கும். அப்படி நின்றால் சைடு ஸ்டாண்ட் மடங்குகிற திசையில்தான் வண்டி உருளப் பார்க்கும். கீழ்நோக்கி நிறுத்தி இறங்கவே கூடாது. இறங்குவதற்கு முன் வண்டியைத் திருப்பி, மூக்கு மேட்டைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். திருப்ப இடமில்லையா, வண்டியை மேலே ரோட்டோரம் விட்டுவிட்டுப் பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து போங்கள். குறுக்குச் சரிவிலும் கவனம் வேண்டும். ஸ்டாண்ட் இருக்கிற இடப்பக்கம் மேடாக இருந்தால் வண்டி நிமிர்ந்து வலப்பக்கம் விழும். மிகவும் பள்ளமாக இருந்தால் சாய்வு அதிகமாகி நிமிர்த்த முடியாது.

மழைக்காலத்துக்கு என் சொந்த அனுபவம் ஒன்று. நமக்கு ஆனி, ஆடியில் ஒரு மழை, ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு மழை. செம்மண் முற்றம் வருடத்தில் பாதி நாள் ஈரம்தான். திருவட்டாறு பக்கம் ஒரு நோயாளி வீட்டில் வண்டியை நிறுத்தி, முழங்காலைச் சீட்டிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தேன். ஸ்டாண்ட் மண்ணுக்குள் மெதுவாக இறங்கியது. வண்டி என் பக்கம் வந்தது. உங்களைப் போலவே பிடித்து நிறுத்தப் பார்த்தேன். வலது தோளில் தசை கிழிந்து, நாலு மாதம் கையைத் தூக்கிச் சட்டை போட முடியவில்லை. கருவிப் பெட்டி மட்டும் நன்றாகவே இருந்தது. அன்றிலிருந்து உள்ளங்கை அளவு பலகைத் துண்டு ஒன்றை வைத்திருக்கிறேன். அதில் ஒரு கயிறு கட்டி ஹேண்டிலில் மாட்டியிருக்கிறேன். நிறுத்தும்போது பலகையைக் கீழே போட்டு அதன்மேல் ஸ்டாண்ட். ஏறி உட்கார்ந்த பிறகு கயிற்றை இழுத்தால் பலகை மேலே வந்துவிடும். வெயிலில் இளகிய தாருக்கும் இதே பலகை உதவும்.

அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்: வண்டி விழ ஆரம்பித்தால் விட்டுவிடுங்கள். கையை எடுத்துவிட்டு விலகிப் போங்கள். 112 கிலோ வண்டியும் 30 கிலோத் தேனும் ஒரு கோணத்துக்கு மேல் சாய்ந்த பிறகு அதை நிறுத்துகிற மனிதன் இல்லை. பாட்டில் உடைந்தால் பணம் போகும். உங்கள் கணுக்கால் உடைந்தால் மாசி, பங்குனித் தேன் சீசன் முழுவதும் போகும். விழுந்த வண்டியைத் தூக்குவதற்கும் முதலில் பாரத்தை அவிழ்த்து எடுங்கள். பிறகு ஆள் வந்து சேரும்வரை காத்திருங்கள். யாரும் இல்லையென்றால் கியரில் போட்டு, சீட்டுக்கு முதுகைக் காட்டிக் குந்தி, ஒரு கை ஹேண்டிலிலும் ஒரு கை பின் கம்பியிலும் பிடித்து, முதுகை வளைக்காமல் காலால் தள்ளிப் பின்னோக்கி நடந்து எழுப்புங்கள். வலப்பக்கம் விழுந்த வண்டி என்றால், எழுப்புவதற்கு முன்பே சைடு ஸ்டாண்டை விரித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் எழும்பின வேகத்தில் அந்தப் பக்கம் விழும்.

ஆரல்வாய்மொழி போவதாக எழுதியிருக்கிறீர்கள். அங்கே காற்றாலைகள் ஏன் அத்தனை நிற்கின்றன என்பதை நிறுத்தி வைத்த வண்டியும் காட்டும். பெட்டி ஒரு பாய்மரம் மாதிரி காற்றை வாங்கும். காற்று வண்டியின் வலப்பக்கத்தில் அடிக்கும்படி நிறுத்துங்கள், அது ஸ்டாண்டின் மேல் அழுத்தும். இடப்பக்கத்தில் அடித்தால் ஸ்டாண்டிலிருந்து பெயர்த்து மறுபக்கம் தள்ளும். ஏறி இறங்கும் நேரத்தில் அங்கே அவசரமே வேண்டாம்.

உடுப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சாரம் (லுங்கி) கட்டிக்கொண்டு இந்த முறையில் ஏறுவது சரிப்படாது, மடித்துக் கட்டினாலும் முழங்காலில் சுற்றும். தொளதொளப்பான பேன்ட் போடுங்கள். ரப்பர் செருப்பு சீட்டின் ஓரத்தில் பிடித்துக்கொள்ளும், பின்வார் உள்ள செருப்பு நல்லது. மழைக்கோட்டு ஈரத்தில் சீட்டோடு ஒட்டும், அன்றைக்கு இன்னும் மெதுவாக. ஹெல்மெட்டை ஏறுவதற்கு முன்பே போட்டு, இறங்கிய பிறகு கழற்றுங்கள். நின்ற இடத்தில் விழுந்தாலும் தலை தரையில்தான் படும்.

இப்போது உடம்பு. நீங்கள் வலது காலைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கவலை இடது காலைப் பற்றி. ஏறும்போதும் இறங்கும்போதும் உங்களைத் தாங்குவது அதுதான், அடிபட்டதும் அதுதான். சுவரைத் தொடுகிற தூரத்தில் நின்று, இடது காலில் மட்டும் நில்லுங்கள். 10 வினாடி அசையாமல் நிற்க முடிகிறதா? முடியவில்லை என்றால் பாரம் ஏற்றிய வண்டிக்கு இன்னும் நேரமாகவில்லை. கணுக்காலின் இரண்டு பக்க முட்டெலும்பையும் விரலால் அழுத்திப் பாருங்கள். எலும்பின் மேலேயே வலித்தால், இரண்டு மாதமாகச் சாயங்கால வலி இருக்கிற நிலையில், ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

வலது இடுப்புக்கு ஒரு சோதனை. சம்மணம் போட்டு உட்கார முடிகிறதா? குனிந்து வலது கால் நகத்தை வெட்ட முடிகிறதா? நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலை நெஞ்சுப் பக்கம் இழுக்கும்போது தொடை இடுக்கில் வலிக்கிறதா? வலித்தால் இடுப்பு மூட்டைப் பார்க்க வேண்டும். வலி பிட்டத்தில் தொடங்கி முழங்காலுக்குக் கீழே ஓடி, மரத்துப்போனால் அது முதுகிலிருந்து வருவது. உட்காரும் இடத்தில் மரமரப்பும், சிறுநீர் கட்டுப்படாமல் போவதும் சேர்ந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. இவை எதுவும் இல்லையென்றால் வெறும் இறுக்கம்தான், அது பயிற்சியில் இளகும்.

பயிற்சி கேட்டீர்கள், தருகிறேன், ஆனால் காலை உயர வீசுவதற்கு அல்ல. அடுக்களை மேடையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு முழங்காலாக இடுப்பு உயரம் வரை தூக்கி இறக்குங்கள், பக்கத்துக்குப் பத்து. அதே இடத்தில் காலை நீட்டியபடி பக்கவாட்டில் ஒரு சாண் தூக்கி இறக்குங்கள், அதுவும் பத்து. கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது பத்து. ஒற்றைக்காலில் நிற்பது, 10 வினாடியில் தொடங்கி 30 வரைக்கும். காலையும் மாலையும் செய்யுங்கள், பல் தேய்க்கும்போதேகூட ஒற்றைக்காலில் நிற்கலாம். முதல் வாரம் கட்டிலில் வலது முழங்காலை வைத்துப் பழகுங்கள். அடுத்து திண்ணை. அப்புறம்தான் வண்டி, காலிப் பெட்டியோடு, வீட்டு முற்றத்தில், ஒரு மாலைக்குப் பத்து முறை. காலிப் பெட்டியில் யோசிக்காமல் கால் போகத் தொடங்கிய பிறகு பாதிப் பாரம், பின்பு முழுப் பாரம்.

ஸ்கூட்டர் வாங்குவதா என்ற கேள்விக்கு வருகிறேன். மகன் சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள், அவர் பயந்துபோய்ச் சொல்கிறார். ஆக்டிவா போன்ற வண்டியின் சீட் 692 மில்லிமீட்டர் உயரம்தான், கால் முன்னால் நுழைந்துவிடும். ஆனால் முன் சக்கரம் 12 அங்குலம், பின் சக்கரம் 10. உங்கள் பைக்கின் சக்கரம் 18 அங்குலம். ரப்பர் தோட்டத்து வேரும் கல்லும் கிடக்கும் வழியில் அந்தச் சின்னச் சக்கரம் 30 கிலோப் பாரத்தோடு படும் பாட்டை நினைத்துப் பாருங்கள். வேறொரு வழி இருக்கிறது. குளச்சலிலும் தேங்காப்பட்டணத்திலும் மீன் பெட்டி கட்டிக்கொண்டு போகிறவர்களின் டிவிஎஸ் எக்ஸ்எல்லைப் பார்த்திருப்பீர்கள். அதன் சீட் உயரம் உங்கள் பைக்கின் சீட் அளவுதான். ஆனாலும் வயதானவர்கள்கூடச் சிரமமில்லாமல் ஏறுகிறார்கள். காரணம், முன்னால் கால் போக வழி திறந்திருக்கிறது. சக்கரமும் 16 அங்குலம். ஆறு வாரம் நான் சொன்னபடி செய்து பாருங்கள். அதற்குப் பிறகும் முழங்கால் சீட்டின் மேல் வலியில்லாமல் ஏறவில்லை என்றால், இந்த பைக்கைக் கொடுத்துவிட்டு எக்ஸ்எல் வாங்குங்கள். ஏறிவிட்டால், இந்த வண்டியே இன்னும் பல வருடம் உங்களுக்கு உழைக்கும்.

மதினி காலையில் பெட்டியைப் பிடிப்பதை மட்டும் இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். வண்டி பின்னால் சாய்ந்தால் அவரால் தாங்க முடியாது, உங்களோடு அவரும் கீழே போவார். இந்தப் பயிற்சி நாட்களில் அவர் உதவ வேண்டும் என்றால், முன்னால், வண்டியின் வலப்பக்கம், ஹேண்டில் ஓரமாக நிற்கட்டும். நீங்கள் முழங்காலைச் சீட்டில் வைத்துவிட்டு மூச்சு விடுகிறீர்களா, பாதம் தரையில் படும்வரை முகம் முன்னால் பார்க்கிறதா என்று அவர் பார்த்துச் சொல்லட்டும்.